மிச்ச வயிறு

எடை குறைய வேண்டும் என்று வயிற்றை அறுத்துக்கொண்டவர் சில வருடம் கழித்து மறுபடி பருத்துவிட்டால், எங்கள் பக்கத்தில் யாரும் அறுவையைக் குறை சொல்வதில்லை. "வாய அடக்க முடியல, காசக் கொண்டு போய்க் கொட்டிட்டு வந்து உக்காந்திருக்கா" என்பார்கள். புக்கிட் ரோத்தானில், ஈஜோக்கில், பெஸ்தாரி ஜெயாவில், தஞ்சோங் காராங்கில் எந்தக் கல்யாண மண்டபத்திலும் பந்தி நடக்கும்போது இந்தப் பேச்சு காதில் விழும். இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவருக்கு அதே இடம் மறுபடி அடைத்துக்கொண்டால் "பாவம், இன்னொன்னு வைக்கணுமாம்" என்று இரங்குகிற அதே வாய்தான் இதையும் சொல்கிறது. ஒரு நோய்க்கு இரக்கமும் இன்னொரு நோய்க்கு ஏச்சும் எப்படி வந்தன என்பதைச் சில மாதங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். காரணம் என் பெரியம்மாவின் மூத்த மகள்.

அக்கா மலேசியாவின் கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். பெரியம்மா பால்மரம் வெட்டினார். அக்கா கல்யாணத்துக்குப் பிறகு பெஸ்தாரி ஜெயாவில் தாமான் வீட்டுக்கு வந்து, அங்கிருந்து தொழிற்சாலை பஸ் ஏறி இரவு ஷிப்டுக்குப் போய் வருகிறார். அறுவைக்கு முன் 118 கிலோ. இனிப்புநீர், ரத்தக் கொதிப்பு, முட்டி வலி, தூக்கத்தில் மூச்சடைப்பு எல்லாம் இருந்தன. தனியார் மருத்துவமனையில் ஸ்லீவ் அறுவை செய்துகொண்டார். இரண்டாம் ஆண்டில் எடை 82க்கு இறங்கியது. இப்போது 104. அத்துடன் நெஞ்செரிச்சல் சேர்ந்துகொண்டது. இரவில் தலையணையை அடுக்கிச் சாய்ந்தபடிதான் படுக்கிறார். படுத்த பிறகு புளித்த தண்ணீர் தொண்டைவரை வந்து இருமலில் எழுப்பிவிடுகிறது. மருத்துவர் எண்டோஸ்கோபி பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் ஸ்லீவை இரைப்பைப் பைபாஸாக, அதாவது சிறு பையாக்கிய இரைப்பையைச் சிறுகுடலோடு நேரே இணைக்கும் அறுவையாக, மாற்றலாம் என்றிருக்கிறார். அக்கா என்னிடம் கேட்டது வேறு: "தம்பி, ரெண்டாவது தடவயும் அறுத்தா ஆளுங்க என்ன சொல்லுவாங்க?"

முதலில் அந்த வயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் இடப்புறத்தை நெடுக ஸ்டேப்பிள் போட்டு வெட்டி, ஏறத்தாழ முக்கால் பாகத்தை வெளியே எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது ஒரு ஒடுங்கிய குழாய். வெட்டி எறிந்த பாகத்தில்தான் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு பெருமளவு ஊறுகிறது. 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதைக் கண்டறிந்தார்கள். அது ஊறும் இடம் போய்விடுவதால் முதல் ஒரு வருடம் பலருக்குப் பசியே தெரியாது. அக்கா அந்த நாட்களைச் சொல்லும்போது முகம் மலரும். பிறந்ததிலிருந்து மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த சத்தத்தை யாரோ நிறுத்தியது மாதிரி இருந்தது என்பார்.

அந்த அமைதி நிலைப்பதில்லை. எடை இறங்கியதும் உடம்பு அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொள்கிறது. ஓய்வில் எரிக்கும் ஆற்றலைக் குறைக்கிறது. பசியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர எல்லா வழிகளையும் தேடுகிறது. அமெரிக்காவில் தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்டவர்களை ஆறு ஆண்டுகள் கழித்துக் கெவின் ஹால் குழுவினர் சோதித்தார்கள். 2016இல் வெளியான முடிவின்படி, அவர்கள் உடல்கள் அந்த அளவு உடம்புக்கு எதிர்பார்க்கும் கணக்கைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தன. எடையில் பெரும்பகுதி திரும்பி வந்த பிறகும் உடம்பு அந்தச் சிக்கனத்தை விடவில்லை. அவர்கள் அறுவை செய்துகொண்டவர்கள் அல்லர், உழைத்து வியர்த்துக் குறைத்தவர்கள். மனவுறுதி போதாது என்று அவர்களை யார் சொல்ல முடியும்?

அறுவையின் நீண்டகாலக் கணக்கும் இதையே காட்டுகிறது. 1987இல் ஸ்வீடனில் தொடங்கிய பெரிய ஆய்வில் பைபாஸ் செய்தவர்கள் பத்தாண்டு முடிவில் பழைய எடையிலிருந்து 25 விழுக்காடு குறைவாக இருந்தார்கள், இரைப்பையில் வளையம் போட்டவர்கள் 14 விழுக்காடு. இரு பிரிவினருமே சராசரியாக முதல் ஓரிரு வருடத்தில் இன்னும் அதிகம் குறைந்து, பிறகு கொஞ்சம் ஏறியவர்கள்தான். பின்லாந்தில் ஸ்லீவையும் பைபாஸையும் ஒப்பிட்டு நடந்த ஆய்வின் பத்தாண்டு முடிவு 2022இல் வந்தது. ஸ்லீவ் செய்தவர்கள் கூடுதல் எடையில் 43.5 விழுக்காட்டையும், பைபாஸ் செய்தவர்கள் 50.7 விழுக்காட்டையும் இழந்திருந்தார்கள். உள்ளே குழாய் விட்டுப் பார்த்ததில் உணவுக்குழாய் புண்பட்டிருந்தது ஸ்லீவ் பக்கம் 31 விழுக்காட்டினருக்கு, பைபாஸ் பக்கம் 7 விழுக்காட்டினருக்கு. அக்காவின் இரவு இருமல் அந்த 31இல் அடங்குமா என்பதைத்தான் எண்டோஸ்கோபி சொல்ல வேண்டும்.

உலக அளவில் இத்துறை மருத்துவர்கள் அண்மையில் ஒரு வரையறை வைத்துக்கொண்டார்கள். அறுவையால் இழந்த எடையில் 30 விழுக்காட்டுக்கு மேல் திரும்பினால் அதைக் கவனிக்க வேண்டிய பின்னடைவாகக் கொள்ளலாம் என்கிறார்கள். அக்கா இழந்தது 36 கிலோ. அதில் 30 விழுக்காடு என்றால் கிட்டத்தட்ட 11 கிலோ. அவருக்குத் திரும்பியது 22. அதே வேளையில் இன்றும் அவர் தொடங்கிய இடத்துக்கு 14 கிலோ கீழே நிற்கிறார், தூக்கத்தில் மூச்சடைப்பு திரும்பவில்லை, இனிப்புநீர் மாத்திரை முன்பைவிடக் குறைவு. இவ்வளவையும் கல்யாண மண்டபத்தில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

உடம்பின் கதை அறுவை மேசையில் தொடங்குவதில்லை, தோட்டத்தில் தொடங்குகிறது. மலேசியாவில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது எங்கள் பகுதியில்தான். 1917இல் ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர், காப்பி சரிவராத நிலத்தில், இன்றைய பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில் அதை நட்டார். பின்னாளில் நாவல் எழுதிப் பிரான்சின் பெரிய இலக்கியப் பரிசு பெற்ற அதே மனிதர். அந்த மரம் நாடெங்கும் பரவி, அதன் எண்ணெய் உலகமெங்கும் பிஸ்கட்டிலும் நூடல்ஸிலும் பொரித்த பண்டத்திலும் கலந்துவிட்டது. அந்த மரத்துக்கும் அதற்கு முந்திய பால்மரத்துக்கும் கூலியாக நின்ற எங்கள் பாட்டன் பாட்டிமார் என்ன தின்றார்கள்? சோறு, கருவாடு, கொல்லைக் கீரை. ஜப்பான்காரன் காலத்தில் அரிசியும் போய் மரவள்ளிக்கிழங்கு. ஆண்களைச் சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துப் போனார்கள். பெண்கள் கிழங்கைத் தின்று பிள்ளை பெற்றார்கள்.

பசியில் கிடந்த தாய் வயிற்றில் வளர்ந்த பிள்ளை பிற்காலத்தில் இனிப்புநீருக்கும் இருதய நோய்க்கும் எளிதில் ஆளாகிறது என்ற கருத்தை டேவிட் பார்க்கர் முதலான ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். புனேயின் சித்தரஞ்சன் யாக்னிக் அதை இந்திய உடம்பில் தேடினார். 2004இல் லான்செட் இதழில் அவரும் லண்டன் நண்பர் ஜான் யுட்கினும் அருகருகே நிற்கும் படம் ஒன்று வந்தது. இருவருக்கும் உடல் நிறை எண் ஒன்றேதான், 22.3. யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக் உடம்பில் 21.2. பார்வைக்கு இரண்டு பேருமே ஒல்லி. நம் உடம்பு கொழுப்பை எப்படிச் சேமிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை. 2022இல் அறுவைக்கான உலக வழிகாட்டு நெறி மாறியபோது ஆசியர்களுக்கு அந்த எண்ணின் எல்லையை 27.5க்கு இறக்கியதற்கும் இத்தகைய வேறுபாடுதான் அடிப்படை.

உழைப்பும் மாறிவிட்டது. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்று, மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து சீவி, வாளியைத் தூக்கிக்கொண்டு பால் கொட்டகைவரை நடந்த உடம்பு பெரியம்மாவுடையது. மகளுடையது பன்னிரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கும் உடம்பு; போக வர பஸ்ஸில் தூக்கம்; நள்ளிரவு இடைவேளையில் கேன்டீனில் மிஞ்சியிருக்கும் மீ கோரிங், சீனி தூக்கலாகத் தே தாரே. பெரியம்மா தின்ற அதே அளவு சோற்றைத்தான் அக்காவும் தின்றார் என்று நான் உறுதியாகச் சொல்வேன். 2019இன் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் பாதிப்பேர் அதிக எடை அல்லது உடற்பருமன் கொண்டவர்கள் என்று தெரிந்தது. இந்தியர்களிடையே அது 60 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது, இனிப்புநீர் 31.4 விழுக்காடு. மூன்றில் ஒரு பங்கை நெருங்கும் இந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் தனித்தனியாக வாயை அடக்கச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

ஆனாலும் சாப்பாட்டைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அறுவைக்குப் பிறகு எடை ஏறும் வழி பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. மிச்ச வயிறு எதைத் தடுக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும். அக்கா தட்டில் கோழித் துண்டை நன்றாக மென்றுதான் விழுங்குவார். மூன்றாம் வாயில் நெஞ்சுக்குழியில் கல் வைத்தாற்போல நின்றுவிடும். கண்ணில் நீர் கோக்கும், எழுந்து போய்க் கக்கிவிட்டு வருவார். வேகவைத்த முருங்கைக்கீரையின் நாரும் அப்படியே. தே தாரேயில் நனைத்த பிஸ்கட் நிற்பதே இல்லை, வழுக்கிக்கொண்டு இறங்கும். முறுக்கு, ஐஸ்கிரீம், கெட்டிப்பால் ஊற்றிய மைலோ எதற்கும் அந்த ஒடுங்கிய குழாயில் தடை கிடையாது. உடம்புக்கு நல்லதைத் தின்றால் வலி, கெட்டதைத் தின்றால் சுகம் என்றால், இரவு இரண்டு மணிக்கு இயந்திரத்தின் முன் நிற்கும் ஒருத்தி எதைத் தேர்ந்தெடுப்பாள்? அறுவைக்கு முன்னால் யாரும் இதை அவருக்குச் சொல்லவில்லை. அறுவைக்குப் பின் உணவு நிபுணரைச் சில முறை பார்த்தார், அதுவும் பாலும் கஞ்சியும் மட்டுமே குடித்த முதல் நாட்களோடு நின்றுபோயிற்று.

இன்னொன்று, எங்கள் ஊர் வழக்கம். பார்த்தவுடன் "பசியாறியாச்சா?" என்று கேட்கும் மக்கள் நாங்கள். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் அன்னதான வரிசையில் ஒரு கரண்டிச் சோறு போதும் என்றால் பரிமாறுகிற கை கோபித்துக்கொள்ளும். அக்கா முதலில் உண்மையைச் சொன்னார். பிறகு "வயிறு சரியில்ல" என்றார். பிறகு திருவிழாவுக்குப் போவதையே குறைத்தார். ஊரோடு உட்கார்ந்து கொஞ்சம் சாப்பிட்டவர், வீட்டில் தனியாக, நினைத்த நேரமெல்லாம் கொறிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

இனி இரண்டாம் அறுவை. வழிகள் சில இருக்கின்றன. ஸ்லீவை வழக்கமான பைபாஸாக மாற்றினால் அமிலம் மேலேறுவது பெரும்பாலும் நிற்கும். எடை குறையும், ஆனால் முதல் தடவை குறைந்த வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது. ஒரே இணைப்புப் போடும் பைபாஸில் எடை இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் குறையலாம்; பித்தம் மேலேறும் தொல்லை சிலருக்கு வரும். சிறுகுடலில் நெடுந்தூரத்தைத் தவிர்த்துவிடும் அறுவைகளில் எடை மிகவும் இறங்கும். அதற்கு விலையாக வயிற்றுப்போக்கு, புரதக் குறைவு, ஆயுள் முழுக்க விட்டமின். இழுபட்ட ஸ்லீவை மறுபடி ஒடுக்கித் தைப்பதில் இப்போது பலருக்கு நம்பிக்கையில்லை. எந்த வழியானாலும் ஏற்கெனவே வெட்டித் தைத்த, தழும்பேறிய இடத்தில் கத்தி வைப்பதால் கசிவும் ரத்தப்போக்கும் முதல் அறுவையைவிட அதிகம் நேரும். இதைச் செய்து பழகிய கை வேண்டும்.

பைபாஸ் செய்துகொள்பவரிடம் எங்கள் பகுதியில் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: குடிப்பீர்களா? கேட்பவர் குறைவு. பைபாஸுக்குப் பிறகு மது ரத்தத்தில் வேகமாக ஏறுகிறது. அறுவை முடிந்த இரண்டாம் ஆண்டில் குடிப்பழக்கச் சிக்கல் கூடுகிறது என்று 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. கள்ளுக்கடையும் சம்சுச் சாராயமும் தோட்டத்துக் குடும்பங்களை என்ன செய்தன என்று தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். அக்கா குடிப்பவர் அல்லர். ஆனால் இந்த அறுவைக்குப் போகும் ஆண்களில் வாரக் கடைசி பீர் இல்லாதவர் எத்தனை பேர்?

கத்தி இல்லாத வழியும் இப்போது வந்திருக்கிறது. லண்டனில் அறுவை போதிய பலன் தராத 70 பேரை வைத்து நடந்த சோதனையில், லிராகுளூட்டைட் ஊசி போட்டவர்களுக்கு 24 வாரத்தில் எடை 8.8 விழுக்காடு குறைந்தது; வெறும் ஊசி போட்டவர்களுக்கு 0.5 விழுக்காடு. இது 2023இல் வெளியானது. லிராகுளூட்டைடுக்குப் பின் வந்த வாராந்தர ஊசிகள் இன்னும் வலுவானவை. ஆனால் நிறுத்தினால் எடை திரும்புகிறது. மாதம் பல நூறு மலேசிய வெள்ளி செலவு. 2025 பிப்ரவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளிதான். எடைக்குறைப்பு சிகிச்சைக்குப் பெரும்பாலான மருத்துவக் காப்புறுதி அட்டைகளும் கை கொடுப்பதில்லை. அக்கா முதல் அறுவைக்கு நகையை அடகு வைத்தவர். அந்தக் கடன் இன்னும் தீரவில்லை.

அக்காவுக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். எண்டோஸ்கோபியில் உணவுக்குழாய் புண்பட்டிருக்கிறது என்று தெரிந்து, மாத்திரைக்கும் அடங்கவில்லையென்றால் பைபாஸுக்குப் போவதுதான் சரி; நாட்பட்ட அமிலம் உணவுக்குழாயின் உட்தோலையே மாற்றிவிடக்கூடும், அதிலிருந்து புற்றுநோய்வரை போக இடமுண்டு. அது உணவுக்குழாயைக் காப்பாற்றும் சிகிச்சை. அதில் எடை குறைந்தால் கூடுதல் இலாபம். புண் இல்லை, எடை மட்டும்தான் கவலை என்றால் அவசரம் வேண்டாம். ஷிப்டு மாற்றம் கேட்டு, உணவு நிபுணரிடம் திரும்பப் போய், அரசு மருத்துவமனையில் ஊசி மருந்து கிடைக்குமா என்று விசாரித்து, அதற்குப் பிறகும் இனிப்புநீர் ஏறினால் அறுவையை யோசிக்கலாம். ஊராரின் பேச்சுக்காகவோ, முதல் தடவை கெடுத்துக்கொண்டோம் என்ற குற்ற உணர்வைக் கழுவவோ மேசையில் படுக்கக் கூடாது. அறுவை பரிகாரம் அல்ல. அக்கா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "யாருமே என்கிட்ட தப்பு என்னோடது இல்லன்னு சொன்னதில்ல தம்பி" என்றார்.

தப்பு எங்கே என்று கேட்டால், அறுவைக்குப் பின்னால் இருக்கும் வெற்றிடத்தைக் காட்டுவேன். தனியாரில் அறுத்துக்கொண்டவர் தொடர்ந்து மருத்துவரைப் பார்க்க லாத்தார் நெடுஞ்சாலையில் டோல் கட்டி, ஒரு நாள் சம்பளத்தை இழந்து போக வேண்டும். பலர் இரண்டாம் வருடத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஊர்க் கிளினிக்கில் இனிப்புநீர் மாத்திரை தரும் இளம் மருத்துவருக்கு இவர் வயிற்றில் என்ன நடந்தது என்ற காகிதம் எதுவும் போய்ச் சேர்ந்திருக்காது. உடற்பருமன் நாட்பட்ட நோய் என்று எல்லா வழிகாட்டு நெறியும் எழுதிவைத்திருக்கிறது. நாட்பட்ட நோய்க்கு ஆயுளுக்கும் கவனிப்பு வேண்டும். சிறுநீரகம் கெட்டவருக்கு டயாலிசிஸ் மையம் தேடி ஓடும் நம் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் அந்தச் சிறுநீரகத்தைக் கெடுத்த எடையைப் பற்றிப் பேசக் கூசுகின்றன. மாதம் ஒரு முறை கோயில் மண்டபத்தில், அறுவை செய்துகொண்டவர்கள் கூடி உட்கார்ந்து பேச இடம் கொடுத்தாலே பாதிப் பேர் தனியாகக் கொறிப்பதை விட்டுவிடுவார்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் வீட்டில், உங்கள் தாமானில் இந்த அறுவை செய்துகொண்டவர் இருந்தால் அவர் எடை இப்போது எவ்வளவு என்று கேட்காதீர்கள். கடைசியாக ரத்தம் எடுத்துப் பார்த்தது எப்போது என்று கேளுங்கள். ஹீமோகுளோபின், இரும்புச் சத்து, பி12, விட்டமின் டி, கால்சியம், மூன்று மாத இனிப்புநீர் அளவு இத்தனையும் வருடம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும், எடை குறைந்திருந்தாலும் ஏறியிருந்தாலும். அறுவை செய்த மருத்துவமனையில் அறுவைக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.  அதைப் பக்கத்து அரசு கிளினிக்கில் கொடுத்துக் கோப்பில் சேர்க்கச் சொல்லி, நிபுணரிடம் அனுப்பக் கடிதம் கேளுங்கள். கிளினிக்கில் ஒரு வெள்ளி, நிபுணரிடம் ஐந்து வெள்ளி.